குழிக்கூடத்துக்கு வராதவர்கள்

காலைச் சமையல் முடியும் முன்பே மின்சாரம் போய்விட்டது. விசிறிகள் சுற்றி ஓய்ந்ததும் தெரு நெடுக ஜன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அதே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வெளியிலிருந்து வந்தது காற்று இல்லை. எரியும் அடுப்பின் வாயில் முகத்தை வைத்ததுபோல ஒரு காந்தல்.

மூன்று மாடி வீடுகள் இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு அது. பல வீடுகளின் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று ஒண்டிக்கொண்டிருக்கும். அப்படி ஓர் அறையில்தான் அவளுடைய மாமனார் இருந்தார். அவளும் புருஷனும் அதற்கு நேர் கீழே, ஒரு அறையும் சமையலறையுமாக. அவரைக் கீழே படுக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. "சின்னஞ்சிறுசுங்க இருக்கிற இடம்" என்று தட்டிக்கழித்துவிடுவார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆன பிறகும் அவருக்கு அவர்கள் சின்னஞ்சிறுசுகள்தான்.

அன்று அவள் கஞ்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு மேலே போனபோது, அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இன்னைக்காவது கூடத்துக்கு வாங்க. தகரத்த இப்பவே தொட முடியல."

"நீ போம்மா. சாயங்காலம் பாக்கலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்துல உக்காந்து பஸ் ஓட்டினவன். இந்தச் சூடு என்னை என்ன பண்ணிடும்? குழிக்குள்ள இறங்க எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எப்படியும் ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து இறக்கத்தான் போறீங்க."

இந்த மாதிரி எதையாவது சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. உதடு வெடித்து வெள்ளையாக இருந்ததை அவள் பார்த்தாள். ஆனால் கீழே நாலைந்து பேர் அதற்குள் "சாவியக்கா, சாவியக்கா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர்க் கூஜாவை நிரப்பி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

கூடத்தின் சாவி அவளிடம் இருந்ததால்தான் அந்தப் பெயர். தெரு முடிகிற இடத்தில், முன்பு குப்பை மேடாகக் கிடந்த மனையில் அந்தக் கூடம் இருந்தது. பாதி பூமிக்குள், பாதி மேலே. தோண்டி எடுத்த மண்ணையே சலித்து, பலகைகளுக்கு நடுவில் கொட்டி, தெருக்காரர்களே ஞாயிற்றுக்கிழமை தோறும் முறை வைத்து இடித்து எழுப்பிய சுவர்கள். கையை முழுக்க நீட்டினால்தான் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எட்டும், அவ்வளவு கனம். கூரைமேல் புல். ஒரு மூலையில் புகைபோக்கி போல உயர்ந்து நிற்கும் காற்றுக்கூண்டு. அதன் உச்சியில் நாலு திசைக்கும் வாய்கள், உள்ளே தொங்கும் கோணிச் சாக்குகள். இரும்புப் படியில் ஏறிச் சாக்குகளைத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டால், மேலே நுழைகிற காற்று ஈரம்பட்டுக் கனத்துக் கீழே இறங்கும். மின்சாரமே வேண்டாம்.

பலகையில் 'பொது நலக் கூடம்' என்று எழுதியிருந்தாலும் தெருவுக்கு அது குழிதான். காலையில் மூச்சுப் பயிற்சி, பிறகு முட்டிவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி, மத்தியானம் சும்மா சாய்ந்து கிடக்க என்று அதற்கு எப்போதும் ஆள் இருக்கும். அதை வரைந்து கட்டுவித்த பெண்ணை எல்லோரும் இன்ஜினியரம்மா என்பார்கள். தான் இன்ஜினியர் இல்லை, கட்டடக் கலைஞர் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்து, அவளும் கைவிட்டுவிட்டாள். சாவியை ஒப்படைத்த அன்று அவள் சொன்னது இதுதான்: "அக்கா, இது ஏசி இல்ல. உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன அடுப்பு. ஐம்பது பேருக்கு மேல போனா சுவர் தோத்துடும். கதவ அடிக்கடி திறந்தாலும் தோத்துடும்." அதனால் சாவியக்கா ஐம்பது பாய்கள் மட்டும் வாங்கி வைத்திருந்தாள். பாய் தீர்ந்தால் கதவு சாத்த வேண்டும். இதுவரை பாய் தீர்ந்ததே இல்லை.

அன்று வெயில் உச்சிக்கு வரும் முன்பே தீர்ந்துவிட்டது.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு வெக்கையால் பாதியிலேயே விட்டுவிட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பிறகு அவள் முகமே பார்த்திராத பக்கத்துத் தெருக்காரர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சாதாரணமாக ஐந்து பெண்கள் சேர்ந்தாலே கூடம் அதிரும். இப்போது இத்தனை பேர் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டிவைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவருடைய கைப்பேசி முணுமுணுத்தது: நகரம் முழுக்க மின்சாரம் இல்லை, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை.

கதவைச் சாத்திய பிறகு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை அழவில்லை. கழுத்து துவண்டு அவள் தோளில் கிடந்தது.

"அக்கா, எனக்கு வேண்டாம். குழந்தையை மட்டும் உள்ள வாங்கிக்கங்க."

"பேசாம உள்ள வா நீ."

பின்னாலேயே பேக்கரிக்காரர் நின்றார். இரண்டு ஆள் பருமன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "எனக்கு மட்டும்தான் சட்டமா? இந்தச் சுவருக்கு நானும் மண் இடிச்சிருக்கேன். நீயே பாத்திருக்க."

"பாத்திருக்கேண்ணே. யாரு இல்லன்னா? உள்ள இருக்கிறவங்களையும் பாருங்க. இன்னும் பத்து பேர் வந்தா எல்லாருக்குமே இல்லாமப் போயிடும்."

"அப்ப நான் இங்கயே விழுந்து சாகட்டுமா?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தள்ளில் அவளைத் தாண்டி உள்ளே போய்விடலாம். அது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காலையில் தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல இருந்த சுவர், இப்போது ஆள் உட்கார்ந்து எழுந்த நாற்காலிபோல இருந்தது.

"அண்ணே, சாக்கு காய்ஞ்சுபோச்சு. ஏறித் தண்ணி ஊத்த ஆள் இல்ல. வெளிய நிக்கிற ஆம்பளைங்க மாத்தி மாத்தி ஊத்துங்க. ஊத்திட்டு இறங்கறவங்க உள்ள வந்து கொஞ்ச நேரம் படுக்கலாம். அப்போ உள்ள இருக்கிற ஒருத்தர் வெளிய வரணும். சரியா?"

பேக்கரிக்காரர் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் கால் வைத்தார். படி சுட்டது, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினார். சற்று நேரத்தில் காற்றுக்கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவளுடைய புருஷன் அப்போதுதான் வந்தான். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவன். மின்சாரம் இல்லாததால் மூடிவிட்டார்கள்.

"அப்பாவைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"மேல போயிட்டுத்தான் வரேன். தூங்கறார்."

"தூங்கறாரா?"

"கூப்பிட்டேன். ம்ம்னு ஒரு சத்தம் குடுத்தார். தூங்கட்டும்னு வந்துட்டேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பகலில் கண்ணயர்ந்து பார்த்ததில்லை. மத்தியானம் ஆனால் எதிர் வீட்டு மாடியில் இருக்கும் தையல்காரரோடு சீட்டாடுவார், இல்லையென்றால் கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டு தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வார்.

"கதவைப் பாத்துக்குங்க," என்று சாவியை அவன் கையில் திணித்தாள்.

"நான் போறேன், நீ இரு."

"நீங்க போய்ட்டுதான் வந்திருக்கீங்களே!"

அவள் குரல் அப்படி உயர்ந்து அவன் கேட்டதில்லை. கதவருகே போய் நின்றான்.

தெருவில் ஈ காக்கை இல்லை. மாடிப்படியின் கைப்பிடியைத் தொட முடியவில்லை. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் சூடு ஒரு போர்வை கூடுதலாக மேலே விழுந்தது. மொட்டைமாடிக் கதவைத் தள்ளியதும் கண் கூசிச் சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை. செருப்பின் அடி தரையில் ஒட்டியது.

அவர் தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. முகம் செங்கல்போலச் சிவந்து கிடந்தது. நெற்றியைத் தொட்டாள். வேர்வை ஒரு பொட்டுகூட இல்லை. இஸ்திரி போட்டு எடுத்த துணிபோல வறண்டு சுட்டது.

"மாமா! மாமா, என்னைப் பாருங்க!"

"ஏறுறவங்க ஏறுங்க," என்றார் அவர். "படியில நிக்காதீங்க. உள்ள போங்க."

கூஜா அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மூடியைத் திறந்தாள். தளும்ப நிறைந்திருந்தது. ஒரு மடக்கு குறையவில்லை. காலையில் வைத்த கஞ்சியில் ஏடு படிந்திருந்தது.

அப்போதுதான் அந்த வாடையை உணர்ந்தாள். குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் சுருட்டித் திணித்த லுங்கிகள். சில காய்ந்து விறைத்திருந்தன, ஒன்று இன்னும் ஈரம். அவர் உடுத்தியிருந்ததும் நனைந்திருந்தது. மூன்று மாதமாகத் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும், விருந்தாளி வந்தால் மேலேயே இருந்துவிடுவதும், கூடத்தைக் கண்டபடி கேலி செய்ததும் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டன. சிறுநீர் வரக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார்.

"எந்திரிங்க மாமா. கீழ போலாம்."

அவள் தோளைப் பிடித்துத் தூக்கியதும் அவருக்கு எங்கிருந்தோ நினைவு வந்தது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. அங்க வேணாம்."

"ஏன் வேணாம்?"

"எல்லாரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க. கக்கூஸ் எங்க இருக்கு? படி ஏறி, வெளிய வந்து, அந்தக் கோடிக்குப் போகணும். என்னால அவ்வளவு தூரம்..." வார்த்தை முடியவில்லை. "பாத்துடுவாங்கம்மா."

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. கூஜாவை எடுத்து அவர் உச்சந்தலையில் அப்படியே கவிழ்த்தாள். அவர் திணறி மூச்சை இழுத்தார். மூலையில் குளிக்கப் பிடித்து வைத்திருந்த வாளி பாதி நிறைந்திருந்தது. அதையும் தூக்கி, தோளில், மார்பில், மடியில், கால்வரை ஊற்றினாள். தண்ணீர் கட்டிலிலிருந்து வழிந்து வாசற்படி தாண்டி ஓடியது. தாண்டிய இடத்திலேயே ஆவியாகிக்கொண்டிருந்தது.

"இப்ப யாரு என்னத்தப் பாப்பாங்க?" என்றாள். "சொல்லுங்க மாமா. முழுசா நனைஞ்ச மனுஷன்கிட்ட யாரு என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?"

அவர் அவளையே பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. கை மட்டும் கட்டில் சட்டத்தை விட்டது.

கைப்பிடிச்சுவரோரம் நின்று அவள் போட்ட சத்தத்தில் புருஷன் ஓடிவந்தான். கதவை யாரிடம் விட்டீர்கள் என்று கேட்டாள். பேக்கரிக்காரரிடம் என்றான். "அந்தாள் எல்லாரையும் உள்ள விட்டுடுவாரே!" "இல்ல. உன்னைவிடக் கறாரா நிக்கிறார்." நான் வந்தபோதே பார்த்திருக்க வேண்டும், நான் வந்தபோதே என்று படி இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

காற்றுக்கூண்டுக்கு நேர் கீழே இருந்தவர்கள் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார்கள். அவரைக் கிடத்தி, ஈரச் சாக்கைப் போர்த்தி, நான்கு பெண்கள் அட்டையால் விசிறினார்கள். ஆம்புலன்சுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை எடுத்தார்கள்: எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, வரும்போது வரும், நனைத்துக்கொண்டே இருங்கள். கைக்குழந்தைக்காரி தன் பிள்ளையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்து, அவர் பாதங்களில் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைத்தாள். அவர் உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. புருஷன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் மூச்சும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோள் மரத்துப்போன பிறகும் விசிறினாள்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கூண்டின் வழியாக விழும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஏறிவிட்டிருந்தது. அவர் கழுத்துக் குழியில் ஒரு துளி திரண்டு நின்றதை அவள் பார்த்தாள். துடைத்தாள். மறுபடி திரண்டது. தண்ணீர் இல்லை, வேர்வை.

"பஸ் எங்க?" என்றார் அவர்.

"ஷெட்டுல விட்டாச்சுப்பா," என்றான் மகன், அழுதுகொண்டே.

அவரைச் சாய்த்து உட்காரவைத்து, உப்பும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீரை அவள் நீட்டினாள். அவர் உதட்டை மூடிக்கொண்டார். அவள் காதருகே குனிந்தாள். "குடிங்க மாமா. இங்க நனையாத ஆளே இல்ல. பேக்கரி அண்ணன பாருங்க, ஆத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கார்." அவர் கண்ணை ஓட்டிச் சுற்றிலும் பார்த்தார். பிறகு குடித்தார். ஒரு தம்ளர், இன்னொன்று, இன்னொன்று. மூன்றாவது தம்ளர் பாதியில் இருக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டெய்லர் வந்துட்டானா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ தலைகள். தையல்காரர் இல்லை.

"அவனும் வரமாட்டான்," என்று முணுமுணுத்தார். "என்னை மாதிரிதான். சீட்டாடும்போது நடுவுல நடுவுல எந்திரிச்சுப் போவான். நானும் போவேன். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டதில்ல. போன மாசம் துணியை நாலு மடிப்பா மடிச்சுத் தைச்சு, பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து குடுத்தான். உள்ள கட்டிக்கோன்னுகூடச் சொல்லல. வெச்சுக்கோன்னான், போயிட்டான்."

புருஷன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். அவள் எழ முயன்றபோது கால் மரத்துப்போய் ஒருமுறை விழுந்தாள்.

தையல்காரர் எதிர் வரிசையில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். பெண்டாட்டி இறந்துவிட்டாள். வெளிக்கதவு இரும்பு. உள்ளே தாழ். புருஷனும் பேக்கரிக்காரரும் மாற்றி மாற்றித் தட்டினார்கள். முதலில் பதிலே இல்லை. பிறகு தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. போங்க."

"ஐயா, கதவைத் திறங்க. தண்ணி குடிச்சீங்களா?"

"போங்கன்னு சொன்னேன்ல."

பிறகு எவ்வளவு தட்டியும் குரல் வரவில்லை. கதவை உடைக்க ஒரு கடப்பாரைகூட யாரிடமும் இல்லை. புருஷன் கீழே இறங்கி வந்து சொன்னபோது அவன் உதடு கோணிக்கொண்டு போனது. தெருவில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ஆனால் சுவர்கள் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இப்போது உமிழ்ந்துகொண்டிருந்தன.

"என்னைத் தூக்குடா," என்றார் மாமனார்.

"அப்பா, நீங்க இப்பதான்..."

"தூக்குன்னா தூக்கு. உங்க யாருக்கும் அவன் திறக்கமாட்டான்."

மகன் மண்டியிட்டான். அவள் அவரைத் தூக்கி அவன் முதுகில் ஏற்றினாள். எலும்பாக இளைத்திருந்தார், இருந்தும் புருஷன் தள்ளாடினான். தையல்காரர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, தெரு நடுவில் போய் நின்றார்கள். அவள் பின்னாலிருந்து அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள். கூடத்திலிருந்தவர்கள் படியேறி வந்து வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மேலே சில ஜன்னல்கள் திறந்தன.

"டேய் டெய்லர்!"

அவர் தலையை இன்னும் நிமிர்த்தினார்.

"டேய்! நான்தான். கேக்குதா? எனக்கும் மூத்திரம் நிக்கிறதில்லடா! மூணு மாசமா எனக்கும் நிக்கிறதில்ல! லுங்கியைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டுப் படுத்திருந்தேன். செத்திருப்பேன். என் மருமக வந்து தலையில தண்ணி ஊத்தி இழுத்துட்டு வந்தா. கேக்குதாடா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. நரம்பு புடைத்த கையால் மகனின் தோளைப் பற்றிக்கொண்டு மறுபடி கத்தினார்.

"குழியில எல்லாரும் ஈரமாத்தான் கிடக்காங்க! ஒருத்தனும் கேக்கமாட்டான்! கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்! இறங்கி வாடா!"

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஜன்னலுக்குள்ளிருந்து, இருமலுக்கு நடுவில், அந்தக் குரல்.

"கத்தாதடா. ஊருக்கே கேக்குது. மானம் போகுது."

"போறது என்னோடதுதானே! உனக்கென்ன? நீ கதவைத் திற!"

மேலே இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. ஒருமுறை தடுக்கி நின்றது. பேக்கரிக்காரர் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவும் சத்தம். மறுபடி உரசல். தாழ் விலகியது.

அதே நேரத்தில் மாமனாரின் மடியிலிருந்து புதிதாக ஓர் ஈரம் புருஷனின் சட்டையில் கறுத்துப் பரவி, இடுப்புவரை இறங்குவதை அவள் கண்டாள். மாமனாரும் அதை உணர்ந்துவிட்டார். அவர் உடம்பு விறைத்தது.

"டேய், இறக்கு. இறக்குடா என்னை."

புருஷன் இறக்கவில்லை. குனிந்து, அவரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி முதுகில் சரியாக ஏற்றி, கால்களை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இருங்கப்பா," என்றான். "அவரும் வந்துடட்டும்."